அரக்குத் தட்டில் அடங்கிய சக்கரவர்த்தி

செஞ்சிக் கோட்டையை நேரில் பார்க்காதவர்கள்கூட அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள். மூன்றையும் வளைத்துக் கட்டிய மதில். உள்ளே கல்யாண மகால், நெற்களஞ்சியம், யானைக்குளம், குதிரை லாயம். ராஜகிரியின் உச்சி சுமார் 800 அடி உயரம். விடுமுறை நாட்களில் ஜனங்கள் குடும்பம் குடும்பமாக வந்து, சோற்று மூட்டையோடு அந்தப் படிகளில் ஏறுகிறார்கள். 2025-ம் ஆண்டில் இந்தக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றாகவும் சேர்க்கப்பட்டது.

இங்கே இருந்து ஆண்ட தேசிங்கு ராஜன் 1714-ம் ஆண்டில் ஆற்காட்டு நவாபின் படையோடு போரிட்டு, இளம் வயதிலேயே உயிர்விட்டான். அவன் கதையைப் பாட்டாகப் பாடினார்கள். தெருக்கூத்தாக ஆடினார்கள். அதனால் அவன் கதை நமக்குத் தெரியும்.

ஆனால் ஒன்று நமக்குத் தெரியாது.

அந்தக் கல்யாண மகாலில் மேளம் முழங்கியிருக்கும் அல்லவா? அதை வாசித்தவர் யார்? என்ன ராகம் வாசித்தார்? எப்படி வாசித்தார்?

ஒரு நொடிச் சத்தம்கூட நம்மிடம் இல்லை. கல் நின்றது. நாதம் காற்றோடு போயிற்று.

பாட்டையும் மேளத்தையும் பிடித்து வைக்க அன்று வழி இல்லை. வழி பிறந்த பிறகு, நம் நாட்டு மேளத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் முதன்மையானவர் ஒருவர் உண்டு. அவர் கோட்டை கட்டவில்லை. படை திரட்டவில்லை. ஆனாலும் ஜனங்கள் அவரைச் சக்கரவர்த்தி என்றே அழைத்தார்கள்.

அவர்தான் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை.

திருமருகல் சிறுவன்

நாகப்பட்டினத்துப் பக்கம் திருமருகல் என்று ஓர் ஊர் இருக்கிறது. பாடல் பெற்ற சிவன் கோவில் உள்ள ஊர். அங்கே 1898-ம் ஆண்டு ஆகஸ்டு 27-ந் தேதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தகப்பனார் குப்புசாமி பிள்ளை. தாயார் கோவிந்தம்மாள். குழந்தைக்கு முதலில் வைத்த பெயர் பாலசுப்பிரமணியன்.

தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளை அந்தக் காலத்தில் பெயர் பெற்ற நாதஸ்வர வித்துவான். திருவாவடுதுறை ஆதீனத்தில் வாசித்து வந்தவர். அவர் மருமகனைத் தம் பிள்ளையாகவே சுவீகாரம் செய்துகொண்டார். பாலசுப்பிரமணியன் என்ற பெயர் போய், ராஜரத்தினம் என்ற பெயர் வந்தது. திருவாவடுதுறையே சொந்த ஊர் ஆயிற்று.

ஆனால் மாமனிடம் நெடுநாள் பாடம் கேட்கும் பாக்கியம் பையனுக்கு இல்லை. அவர் சீக்கிரமே காலமாகிவிட்டார்.

மேளக்காரர் வீட்டுப் பிள்ளை என்றால் உடனே குழலைக் கையில் கொடுத்துவிடுவார்கள் என்று நினைக்கக் கூடாது. ராஜரத்தினம் முதலில் கற்றது வாய்ப்பாட்டு. அதுவும் யாரிடம்? பிடில் வாசிப்பில் புகழ்பெற்ற திருக்கோடிகாவல் கிருஷ்ணய்யரிடம்! பையனுக்கு நல்ல சாரீரம். சிறு வயதிலேயே மேடை ஏறிப் பாடினான்.

பிறகுதான் நாதஸ்வரம். அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளை முதலியவர்களிடம் முறையாகக் கற்றான்.

இந்த இரண்டு படிப்பும் பின்னால் ஒன்றாகச் சேர்ந்தன. ராஜரத்தினம் பிள்ளையின் குழல் ஊதுவது போல இருக்காது, பாடுவது போல இருக்கும் என்று ரசிகர்கள் சொல்வார்கள். அதற்குக் காரணம் இதுதான். வாயால் பாடிப் பழகியதை அவர் குழலில் பாடினார்.

குழல் நீண்டது

நாதஸ்வரத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் அது எப்படி உண்டாகிறது என்பது பலருக்குத் தெரியாது.

ஆச்சா மரத்தைக் கடைந்து குழல் செய்வார்கள். புது மரம் உதவாது. பழைய வீடுகளில் தூணாகவும் உத்திரமாகவும் பல காலம் இருந்து, நன்றாகக் காய்ந்து இறுகிய மரமே வேண்டும். குழலில் விரல் வைத்து வாசிக்க 7 துளைகள். கீழே சுருதியைச் சரிப்படுத்த வேறு சில துளைகள். அடியில் புனல் போல விரிந்திருப்பது அணசு. மேலே வாயில் வைப்பது சீவாளி. சீவாளியை நாணலால் செய்வார்கள்.

பழைய நாதஸ்வரம் குட்டையானது. அதற்குத் திமிரி என்று பெயர். சுருதி மிகவும் உச்சம். கோவில் வீதியில், ஆயிரம் பேர் கூட்டத்தில், தூரத்தில் நிற்பவனுக்கும் கேட்க வேண்டும் அல்லவா? அதற்கு அது பொருத்தமாக இருந்தது. ஆனால் மேடையில் உட்கார்ந்து நிதானமாக ராகத்தை விரித்து வாசிக்க அது போதவில்லை. சுத்த மத்திமம் என்ற ஸ்வரத்தைச் சுத்தமாகப் பிடிப்பதே அதில் கஷ்டமாக இருந்தது.

ராஜரத்தினம் பிள்ளைக்கு இது பெரிய குறையாகப் பட்டது.

திருவாவடுதுறைக்குப் பக்கத்தில் நரசிங்கம்பேட்டை இருக்கிறது. நாதஸ்வரம் செய்யும் ஆசாரிமார்களுக்குப் பெயர் போன ஊர். அங்கே ரங்கநாத ஆசாரி என்ற கைதேர்ந்த கலைஞர் இருந்தார். வித்துவானும் ஆசாரியும் கலந்து யோசித்தார்கள். நீளத்தைக் கூட்டினார்கள். துளைகளின் இடத்தை மாற்றிப் பார்த்தார்கள். ஊதிப் பார்ப்பதும் திருத்துவதுமாக வேலை நடந்தது.

கடைசியில் நீண்ட நாதஸ்வரம் வந்தது. அதுதான் பாரி. சுருதி இறங்கியது. நாதம் கனத்தது. சுத்த மத்திமம் சுத்தமாகவே பேசியது.

இன்று தமிழ்நாட்டு மேடைகளில் வித்துவான்கள் கையில் நீங்கள் பார்ப்பது அந்தப் பாரி நாதஸ்வரத்தைத்தான். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இன்னொரு மாறுதலும் செய்தார். நாதஸ்வரத்துக்குச் சுருதி கொடுக்க ஒத்து என்ற குழலை ஊதுவது வழக்கம். ராஜரத்தினம் பிள்ளை அதை விட்டுவிட்டுத் தம்பூராவை வைத்துக்கொண்டார். பாட்டுக் கச்சேரிக்குத் தம்பூரா என்றால் நாதஸ்வரத்துக்கு மட்டும் ஏன் கூடாது என்பது அவர் எண்ணம்.

நின்றவர் உட்கார்ந்தார்

இது சுருதியைப் பற்றிய பேச்சு மட்டும் அல்ல. மரியாதையைப் பற்றிய பேச்சும் கூட.

அந்த நாளில் நாதஸ்வரக்காரர்களின் நிலை என்ன? கோவிலில் சுவாமிக்கு முன்னால் வாசிப்பவர்கள் அவர்கள்தான். அவர்கள் வாசிக்காமல் தாலி கட்ட முடியாது. ஆனாலும் பெரிய மனிதர்கள் முன்னால் அவர்கள் சட்டை போடக் கூடாது. துண்டைத் தோளில் போடக் கூடாது, இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். மணிக்கணக்கில் நின்றுகொண்டே, நடந்துகொண்டே வாசிக்க வேண்டும். பாட்டுக்காரருக்கு மேடை, மேளக்காரருக்குத் தெரு என்று பிரித்து வைத்திருந்தார்கள்.

ராஜரத்தினம் பிள்ளை இதை ஒப்புக்கொள்ளவில்லை.

குடுமியை எடுத்துக் கிராப்பு வைத்துக்கொண்டார். கோட்டுப் போட்டார். காதில் வைரக் கடுக்கன் மின்னக் கம்பீரமாக வந்து, மேடையில் உட்கார்ந்து வாசித்தார். வாசிப்புக்கு முன்னால் மரியாதையைப் பேசினார். அதில் குறைவு என்றால் குழலை உறையில் போட்டுவிடுவார்.

அவருக்குக் கர்வம் என்று சிலர் சொன்னார்கள். சொன்ன இடத்துக்குச் சொன்ன நேரத்தில் வராமல் ஜனங்களைக் காக்க வைத்ததும் உண்டு. வராமலே இருந்துவிட்டதும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வந்து உட்கார்ந்து குழலை வாயில் வைத்துவிட்டால், காத்திருந்த கோபம் எல்லாம் போன இடம் தெரியாது.

அவர் உட்கார்ந்தது அவருக்காக மட்டும் அல்ல. அவருக்குப் பின்னால் வந்த நாதஸ்வரக்காரர்கள் எல்லோரும் மேடையில் உட்கார்ந்தார்கள்.

தோடி என்றால் அவர்

எல்லா ராகமும் அவருக்கு வரும். ஆனாலும் தோடி என்றால் ராஜரத்தினம், ராஜரத்தினம் என்றால் தோடி என்று ஆகிவிட்டது.

தோடி லேசான ராகம் அல்ல. அதன் ஸ்வரங்களை அசைத்து அசைத்துப் பிடிக்க வேண்டும். கொஞ்சம் தவறினாலும் வேறு ராகத்தின் சாயல் வந்துவிடும். துளைகளை விரலால் மூடித் திறக்கும் குழலில் அந்த அசைவைக் கொண்டுவருவது மிகவும் கடினம். மூச்சும் உதடும் விரலும் சேர்ந்து வேலை செய்தால்தான் முடியும்.

ராஜரத்தினம் பிள்ளை அந்த ராகத்தை மணிக்கணக்கில் வாசிப்பார். மெதுவாகத் தொடங்குவார். கீழே நின்று நிதானமாக ஒவ்வொரு ஸ்வரமாக ஏறுவார். பிறகு மின்னல் வேகத்தில் ஒரு பிருகா. மறுபடியும் நிதானம். இரவு போவது தெரியாமல் ஜனங்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

பக்கத்தில் தவில். பலாமரத்தில் செய்த வாத்தியம் அது. வலது கை விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு, இடது கையில் குச்சி பிடித்து வாசிப்பார்கள். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்ற மகா வித்துவான்கள் அவருக்குத் தவில் வாசித்தார்கள். இவர் விரிக்க, அவர் நெருக்க, கச்சேரி களை கட்டும்.

பாட்டு வித்துவான்களும் அவருடைய வாசிப்பைத் தேடிப்போய்க் கேட்டார்கள். ஜி.என். பாலசுப்பிரமணியம் ராகம் பாடும் முறையில் ராஜரத்தினத்தின் நாதஸ்வரச் சாயல் உண்டு என்பது இசை உலகம் அறிந்த செய்தி. மேளக்காரரைப் பார்த்துப் பாட்டுக்காரர் கற்றுக்கொண்டார். அந்தக் காலத்தில் அது சிறிய விஷயமா?

மெழுகில் கீறிய நாதம்

இப்படி விடிய விடிய வாசிக்கும் மேளத்தை ஒரு தட்டில் அடைக்க வேண்டும் என்றால் எப்படி?

நம் நாட்டில் கிராமபோன் பதிவு 1902-ம் ஆண்டில் கல்கத்தாவில் தொடங்கியது. பாடகி கவுஹர் ஜானின் பாட்டு அப்போது பதிவானது. ஆரம்பத்தில் ஒரு பெரிய கொம்புக் குழாய்க்கு நேராக நின்று பாடுவார்கள். 1925-ம் ஆண்டுக்குப் பிறகு மைக் வந்தது. பதிவு தெளிவாயிற்று.

இதற்கு நிலையம் ஊருக்கு ஊர் கிடையாது. தமிழ் வித்துவான்கள் பெரும்பாலும் சென்னைக்குத்தான் போக வேண்டும். திருவாவடுதுறை போன்ற ஊரில் இருந்து ஒரு மேளம் கிளம்புவது என்றால் லேசான காரியம் அல்ல. ஒருவர் இருவர் அல்ல, ஒரு ஜமாவே போக வேண்டும். பெரிய நாதஸ்வரம், கூட வாசிக்கும் இரண்டாம் நாதஸ்வரம், தவில், சுருதி, தாளம் எல்லாம் வேண்டும். உறை போட்ட குழல்கள், பெரிய தவில்கள், சீவாளிப் பெட்டி, பாத்திரம், படுக்கை. கல்யாண முகூர்த்தமும் கோவில் திருவிழாவும் இல்லாத நாளாகவும் பார்க்க வேண்டும். வீட்டை விட்டுக் கிளம்பினால் திரும்பி வர இரண்டு மூன்று நாள் ஆகிவிடும்.

மாயவரத்தில் இரவு ரெயில் ஏறினால் சிதம்பரம், கடலூர், விழுப்புரம், திண்டிவனம் வழியாக விடியும்போது சென்னை எழும்பூர் வரும். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே ரெயில் போகும்போது, மேற்கே கொஞ்ச தூரத்தில் இருட்டில் நிற்கின்றன செஞ்சி மலைகள்.

பதிவு அறை கோவில் மண்டபம் போன்றது அல்ல. கதவும் ஜன்னலும் சாத்திய அறை. வெளிச்சத்தம் வரக் கூடாது. காற்றாடி சுற்றும் சத்தமும் கேட்கக் கூடாது. தலையை ஆட்டி ரசிக்கக் கூட்டம் இல்லை. எதிரே இருப்பது ஒரு மைக்.

நாதஸ்வரத்தைப் பதிவு செய்வது கொஞ்சம் ஆபத்தான வேலைதான். ஏன் தெரியுமா?

அந்த நாளில் சத்தத்தைத் தடித்த மெழுகுத் தட்டில் பதிவு செய்தார்கள். தட்டு சுழலும். ஓர் ஊசி அதில் நெளிநெளியாகக் கோடு கீறிக்கொண்டே போகும். சத்தம் கூடினால் நெளிவும் கூடும். அளவுக்கு மிஞ்சினால் ஒரு கோடு அடுத்த கோட்டை வெட்டிவிடும். தட்டு வீண்! நாதஸ்வரமோ ஊரைக் கூட்டும் வாத்தியம். தவிலோ அதற்கு அண்ணன். அதனால் மைக்கைத் தள்ளி வைப்பார்கள். தவிலை அதற்கும் பின்னால் உட்கார வைப்பார்கள். யார் எவ்வளவு தூரத்தில் உட்கார வேண்டும் என்று தீர்மானிப்பதே பெரிய வேலை.

வாசித்ததை உடனே போட்டுக் கேட்கவும் முடியாது. மெழுகின் மேல் ஊசியை ஓட்டினால் கோடு கெட்டுப்போகும். நடுவில் ஒரு பிசகு வந்தால் அதை மட்டும் திருத்த வழியில்லை. தட்டை எடுத்துவிட்டு, வேறு தட்டில் முதலில் இருந்து வாசிக்க வேண்டும்.

மெழுகுத் தட்டில் இருந்து உலோக அச்சு எடுப்பார்கள். அந்த அச்சை வைத்து, அரக்குக் கலவையில் ஆயிரக்கணக்கில் தட்டுகள் அடிப்பார்கள். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் என்ற இடத்தில் இதற்குப் பெரிய தொழிற்சாலை இருந்தது. காவிரிக்கரைத் தோடி மெழுகில் ஏறி, கங்கைக்கரையில் அரக்காகி, மறுபடியும் ரெயில் ஏறித் தமிழ்நாட்டுக் கடைகளுக்கு வரும்!

மூன்று நிமிடம்

எல்லாவற்றையும்விடப் பெரிய கஷ்டம் நேரம்தான்.

நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் 10 அங்குலத் தட்டில், ஒரு பக்கத்துக்குக் கிடைப்பது சுமார் 3 நிமிடம். அவ்வளவுதான். மூன்றாம் நிமிடம் முடிந்தால் தட்டும் முடிந்துவிடும். வாசிப்பவர் ராஜாவானாலும் சரி, சக்கரவர்த்தியானாலும் சரி, ஊசி நிற்காது.

மணிக்கணக்கில் தோடி வாசிப்பவருக்கு மூன்று நிமிடம் எந்த மூலைக்கு?

சில பெரிய வித்துவான்களுக்குக் கிராமபோன் என்றாலே பிடிக்காது. சங்கீதத்தைக் கத்தரிக்கோலால் வெட்டுவதா என்று வருத்தப்பட்டார்கள். தெருவில் போகிறவன் எல்லாம் கேட்பதா என்று தயங்கியவர்களும் உண்டு.

ராஜரத்தினம் பிள்ளை வாசித்தார். ஆனால் வெட்டி வாசிக்கவில்லை, சுருக்கி வாசித்தார். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. பெரிய கோபுரத்தில் இருந்து ஒரு கல்லைப் பெயர்த்துக் கொடுத்தால் அது வெறும் கல்தான். அதே கோபுரத்தைக் கைக்கு அடக்கமாகச் செதுக்கிக் கொடுத்தால் அதில் எல்லா நிலையும் தெரியும், கலசமும் தெரியும். அவர் இரண்டாவதைச் செய்தார்.

அந்தத் தட்டைக் கேட்டுப் பாருங்கள். தயக்கம் இல்லை. முதல் மூச்சிலேயே தோடி நிற்கிறது. ஒவ்வொரு பிடியாக ஏறுகிறது. மேல் ஸ்தாயியில் கொஞ்சம் நின்று நிதானிக்கிறது. பிறகு பொழிந்துகொண்டு இறங்குகிறது. அவசரம் தெரியவில்லை. மூன்று நிமிடம்தான் என்று கடிகாரம் பார்த்தால்தான் தெரியும்.

இசைத்தட்டு அவருக்கு இன்னொன்றும் செய்தது. தட்டில் யாரும் நிற்பதும் இல்லை, உட்காருவதும் இல்லை. பாட்டு வித்துவானின் தட்டும் மேளக்காரரின் தட்டும் கடையில் ஒரே அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மேடையில் அவர் போராடிப் பெற்ற சமமான இடம், அலமாரியில் போராடாமலே கிடைத்தது.

ஏழை வீட்டுக் கல்யாணத்தில்

ராஜரத்தினம் பிள்ளையைக் கல்யாணத்துக்குக் கூப்பிட வேண்டும் என்றால் அந்த நாளில் பெரிய மிராசுதாராகவோ ஜமீன்தாராகவோ இருக்க வேண்டும். சாதாரணக் குடியானவன் நினைத்துப் பார்க்கவும் முடியாது. அடுத்த ஊரில் அவர் கச்சேரி என்றால், கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வண்டியில் போய், கூட்டத்தின் கடைசியில் நின்று கேட்டுவிட்டு வருவார்கள். அதுவும் வாழ்நாளில் ஒரு தடவையோ இரண்டு தடவையோதான்.

இசைத்தட்டு வந்த பிறகு நிலைமை மாறியது.

செஞ்சி போன்ற சிறிய ஊர்களிலும் கிராமபோன் பெட்டி வந்தது. பிறகு ஒலிபெருக்கி வந்தது. கல்யாண வீட்டில் பந்தல் போட்டதும் மைக் செட்டுக்காரர் வருவார். வேப்ப மரத்திலோ மூங்கில் கம்பத்திலோ ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டுவார். சாவி கொடுத்து, ஊசி மாற்றி, முதல் தட்டை வைப்பார். நாதஸ்வரம் முழங்கும். அதைக் கேட்டுத்தான் கல்யாண வீடு எது என்று ஊருக்குத் தெரியும்.

மண்சுவர் வீட்டுக் கல்யாணம். வாசலில் இரண்டு வாழை மரம். உள்ளே எளிய சாப்பாடு. ஆனால் வாசிப்பவர் யார்? ஜமீன்தார் வீட்டில் வாசித்த அதே சக்கரவர்த்தி!

மேளம் வைக்க வசதி இல்லாத ஏழைக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? பெண்ணைப் பெற்றவர் மனம் குளிர்ந்துவிடும். ராகத்தின் பெயர் தெரியாதவர்களும் அந்த நாதத்தை அடையாளம் தெரிந்துகொண்டார்கள். ஏட்டைத் தொடாதவர்களும் தோடியைக் கேட்டார்கள்.

வானொலியும் இதே வேலையைச் செய்தது. சென்னை வானொலி நிலையம் 1938-ம் ஆண்டு ஜூன் 16-ந் தேதியும், திருச்சி நிலையம் 1939-ம் ஆண்டிலும் தொடங்கின. அங்கே ராஜரத்தினம் பிள்ளை வாசித்தபோது, கடைவீதியிலும் பூங்காவிலும் ரேடியோப் பெட்டியைச் சுற்றி ஜனங்கள் கூடி நின்றார்கள்.

சினிமாவும் செங்கோலும்

புகழ் வந்தால் சினிமா அழைக்காமல் விடுமா?

1940-ம் ஆண்டில் வெளிவந்த காளமேகம் என்ற படத்தில் ராஜரத்தினம் பிள்ளை கதாநாயகனாகவே நடித்தார். கவி காளமேகத்தின் வேடம். படத்தை இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். ஆனாலும் ஜனங்களுக்கு அவரிடம் வேண்டியிருந்தது நடிப்பு அல்ல, நாதஸ்வரம்தான்.

1947-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். நாடு விடுதலை அடையும் நேரம். திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் ஒரு குழு டில்லிக்குச் சென்றது. ஆகஸ்டு 14-ந் தேதி ஜவகர்லால் நேருவிடம் செங்கோலை அளித்தது. அந்தக் குழுவோடு சென்று நாதஸ்வரம் வாசித்தவர் ஆதீன வித்துவான் ராஜரத்தினம் பிள்ளை. சட்டை போடக் கூடாது, நின்றுகொண்டே வாசிக்க வேண்டும் என்று தாழ்த்தி வைத்திருந்த வாத்தியம், சுதந்திரம் பிறந்த நேரத்தில் நாட்டின் தலைநகரில் மங்கல வாத்தியமாக முழங்கியது.

வாரிசு

சீடர்களும் அவருக்கு உண்டு. திருநெல்வேலிச் சீமையில் இருந்து வந்த காருகுறிச்சி அருணாசலம் அவர்களில் முக்கியமானவர். குருவுக்குப் பக்கத்தில் இரண்டாம் நாதஸ்வரமாக உட்கார்ந்து, கேட்டுக் கேட்டே கற்றவர். பின்னால் 1962-ம் ஆண்டில் வந்த கொஞ்சும் சலங்கை படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு சேர்ந்து அவர் வாசித்த பாட்டைக் கேட்காத தமிழர் குறைவு. மேளத்தை ஒலிப்பதிவு செய்யும் கலையில் குரு போட்ட பாதையில் சீடர் அடுத்த அடி வைத்தார்.

1956-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி ராஜரத்தினம் பிள்ளை காலமானார். அப்போது அவருக்கு வயது 58. அவருக்குப் பிள்ளை இல்லை. சம்பாதித்ததைச் சேர்த்து வைக்கும் குணமும் இல்லை. ராஜா போல வாழ்ந்தார், ராஜா போலச் செலவு செய்தார்.

அவருக்குப் பின்னால் மிச்சம் இருந்தது என்ன? நீண்ட குழல் ஒன்று. மேடையில் உட்காரும் உரிமை ஒன்று. கறுப்பு நிறத்தில் சில அரக்குத் தட்டுகள்.

அரக்குத் தட்டு கீழே விழுந்தால் உடைந்துவிடும். ஆனால் அதில் இருந்த நாதம் உடையவில்லை. தட்டில் இருந்து நாடாவுக்கு மாற்றினார்கள். பிறகு கேசட்டு வந்தது. குறுந்தகடு வந்தது. இன்று சட்டைப்பையில் வைக்கும் கைபேசியிலேயே அந்தத் தோடியைக் கேட்கலாம்.

மறுபடியும் செஞ்சி

அடுத்த முறை செஞ்சிக்குப் போனால், ராஜகிரிப் படி ஏறிக் களைத்ததும் ஏதாவது ஒரு நிழலில் உட்காருங்கள். கீழே கல்யாண மகால் தெரியும். மதிலும் குளமும் தெரியும். நாயக்கர் வந்தார்கள், மராட்டியர் வந்தார்கள், நவாபு வந்தார். எல்லோர் காலத்திலும் அங்கே இசை இருந்திருக்கும். ஒன்றையும் நம்மால் கேட்க முடியாது.

ஆனால் கீழே ஊருக்குள் ஏதாவது ஒரு கல்யாண வீட்டில் நாதஸ்வரம் கேட்டால், அது எங்கே இருந்து வருகிறது என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நேரில் வாசிக்கிறார்கள் என்றால், கையில் இருப்பது அவர் நீளமாக்கிய குழல். ஒலிபெருக்கியில் வருகிறது என்றால், அவரும் அவர் காலத்து மேளக்காரர்களும் குடும்பத்தை விட்டு, ரெயில் ஏறிப் போய், காற்றும் புகாத அறையில் உட்கார்ந்து வாசித்துத் திறந்து வைத்த வழி அது.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு குரல் இருக்கலாம். தாலாட்டுப் பாடும் பாட்டி இருக்கலாம். தேசிங்கு ராஜன் கதையை ராகத்தோடு சொல்லும் தாத்தா இருக்கலாம். இன்று அதைப் பதிவு செய்ய மெழுகும் வேண்டாம், டம்டம்முக்குப் போகவும் வேண்டாம். கைபேசி போதும்.

மூன்று நிமிடம் இருந்தாலும் போதும். ஒரு சக்கரவர்த்தியே அதற்குள் அடங்கினார்.